டாஸுக்குப் புது சைலன்சர்: மாட்டியது ஒரு காலை, கழற்றியது இரண்டு நாள்

தைப்பூசத்தன்று கோயில் வாசலில் என் டாஸ் காரை நிறுத்தினேன். உறுமி அடிப்பவரே திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தம். அதுவரை ஓட்டை விழுந்த சைலன்சரில் தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, பசை பூசி, கம்பி கட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இனி முடியாது என்று அன்றைக்கே தெரிந்தும், கை வைக்க 2023 ஜூலை ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் வண்டிக்கு அடியில் படுக்கத் தோதான மாதம் ஜூலைதான். வெயிலும் கொல்லாது, மழையும் அதிகம் இராது.

இனியும் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் அக்கா மகள். வண்டியை அவள் பேருக்கு மாற்ற வேண்டும். இங்கே பேர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். இந்தச் சத்தத்தோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வண்டி 1999 டொயோட்டா டாஸ், 1.3 லிட்டர், கார்புரேட்டர். டர்பனில் நாங்கள் இருக்கும் மியர்பேங்குக்குத் தெற்கே, பிராஸ்பெக்டன் ஆலையில் செய்தது. பிறந்ததும் வளர்ந்ததும் உப்புக் காற்றில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அன்றிரவு என் வண்டியும் பாதிச் சக்கரம் மூழ்க நின்றது. ஆகவே துருவுக்குக் காரணம் கடலும் வெள்ளமும்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன்.

புகைக்குழாயின் கடைசியில் இருக்கும் சைலன்சர் பெட்டியை, அதாவது பின்பெட்டியை மட்டும் மாற்றுவதாகத்தான் திட்டம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டெப்னியையும் அடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். ஸ்க்ரூடிரைவரால் நடுக்குழாயைத் தட்டினேன். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்றது. கொஞ்சம் அழுத்தினால் உள்ளேயே போய்விட்டது. சரி, முன்குழாய், நடுப்பெட்டி, பின்பெட்டி மூன்றையும் வாங்கிவிட்டேன். பாதி பழசு, பாதி புதுசு என்று மாட்டினால், ஆறு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் படுக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை முழுக்க ஒரே ஒரு நட்டோடு போனது. எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டில் முன்குழாய் சேரும் இடம் அது. முந்தின இரவே துரு இளக்கும் கியூ20 ஸ்ப்ரே அடித்து ஊறவைத்தும் அசையவில்லை. பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் தமிழ் வருவது இரண்டு நேரம்தான்: கோயிலில், அப்புறம் போல்ட் அசையாதபோது.

"தம்பி, திறக்கப் பாக்காதே. முதல்ல கொஞ்சம் இறுக்கு."

இறுக்கினால் துரு உடையுமாம். அப்புறம் கேஸ் டார்ச்சால் நட்டைச் சுட்டு, மரையில் மெழுகுவத்தியைத் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. நட்டு சுழன்றது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நட்டை நானே அவசரப்பட்டுத் திருகினேன். நட்டு ஏறும் மரைக்கம்பி, அதாவது ஸ்டட்டு முறிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு காலை கிரைண்டரால் நடுக்குழாயை வெட்டத் தொடங்கினேன். பாதி வெட்டில் லோட் ஷெட்டிங், மின்வெட்டு. மீதியை ஆக்சா பிளேடால் அறுத்தேன். தோள் வலித்தாலும், பின்பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கிறதே, அங்கே தீப்பொறி பறக்காமல் இருந்தது நல்லதற்குத்தான். கரண்ட் வந்ததும் மாமா முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வெல்டு செய்தார். ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால், வெண்ணெய் மாதிரி வந்தது.

பழைய பின்பெட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். அங்கேதான் என் தீர்ப்பு கவிழ்ந்தது. வெளித்தகடு அவ்வளவு மோசமில்லை; உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்த இடத்தில் செங்கல் தூள் மாதிரி ஒரு கை துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிளம்புகிறது. எஞ்சினுக்குத் தூரமாக இருக்கும் பின்பெட்டி கடைசியில்தான் சூடாகும். நானோ தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவன். ஆவி குளிர்ந்து, புகையில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து அங்கேயே தேங்கியிருக்கிறது. வெள்ளம் ஒரே ராத்திரி. நான் ஒன்பது வருஷம்.

மாட்டுவது அடுத்த சனிக்கிழமை, ஒரே காலை. புது கேஸ்கட், புது ஸ்டட்டுகள், பித்தளை நட்டுகள் (பித்தளை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது). மூன்று துண்டையும் தளர்வாகத் தொங்கவிட்டு, எங்கும் உரசாமல் நேராக்கிவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வந்தேன். குழாயைத் தாங்கித் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கருக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். ஆயில் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, வால்குழாயைத் துணியால் கொஞ்சம் அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை விட்டுப் பார்த்தோம். ஒரு கிளாம்பில் குமிழி வந்தது; இறுக்கியதும் நின்றது. இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். கசியும் புகை வண்டிக்குள் வந்தால், அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

முதல் ஓட்டத்தில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு அடி. நான்கு ரப்பரில் மூன்றுதான் புதுசு. ஒன்று பார்க்க நன்றாக இருந்ததால் பழசையே விட்டிருந்தேன், கஞ்சத்தனம். அதையும் மாற்றி, சூடாறியபின் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கினேன்.

ரோட்வொர்த்தி முதல் தடவையே கிடைத்தது. மாதம் ஒரு முறையாவது தெற்கே தூரத்தில் இருக்கும் ஸ்காட்பர்க் வரை ஓட்டி, பெட்டியைக் காயவைக்க வேண்டும் என்று அக்கா மகளிடம் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். முதல் நாளே அவள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்தாள். 'கிர்ர்ர்' என்று தெருவே திரும்பிப் பார்த்தது. "சத்தமே கேக்கல மாமா, ஆஃப்னு நெனச்சேன்" என்றாள்.