மசினகுடி ஓடைகள்: வரைபட நாட்குறிப்பு

பிப்ரவரி 16

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஊட்டியின் குளிரும் பச்சையும் போன இடம் தெரியாது. தென்மேற்குப் பருவமழையை ஊட்டிக்கு மேற்கே உள்ள அவலாஞ்சிப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமிக்கு மிச்சம்தான். முள்காடு, உண்ணிச்செடி, மாட்டுப்பட்டி, மணல் ஓடை. மாடு குடிக்கத் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று நாங்களே வரையத் தொடங்கினோம். பட்டா நிலமும் ஊர் மேய்ச்சல் நிலமும் மட்டும், காட்டுக்குள் போவதில்லை.

பிப்ரவரி 22

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாளை விரித்தோம். 2 செ.மீ. நீளம் தரையில் 1 கி.மீ.; 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. கோடுகள் ஓடையைக் கடக்கும்போது கூராக வளையும், கூர்முனை மேட்டைப் பார்க்கும். வற்றாத நீருக்கு நீலம், வற்றும் ஓடைக்குக் கறுப்பு. மாயாறு நீலம். எங்கள் ஓடைகள் கறுப்பு. கறுப்பைப் பார்த்துத் தண்ணீரே இல்லை என்று முடிவுகட்டினால் பட்டிக்காரர் பிழைப்பு என்னாவது?

மார்ச் 1

மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கூட வந்தார். ஓடை திரும்பும் இடத்தில் குந்தி உட்கார்ந்து மணலைக் கையால் வாரினார். மணிக்கட்டு ஆழம் வரை சுட்டது. முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊறி, பிறகு தெளிந்தது. பக்கத்திலேயே யானை தோண்டிய குழி.

"அடியில பாறை படுத்திருக்கு கண்ணு, தண்ணி தாண்டாது. சித்திரை வரைக்கும் நிக்கும்" என்றார்.

அடுத்த ஊற்று மாசியிலேயே காய்ந்துவிடுமாம். ஒவ்வொரு குழிக்கும் எந்த மாசம் வரை என்று எழுதிக்கொண்டேன். இந்த வரைபடத்துக்கு உயிரே அந்த மாசக் கணக்குதான்.

மார்ச் 2

உயரக் கணக்கு. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது நீள்கோளத்திலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான வடிவத்திலிருந்து, உயரத்தை. நம் பக்கம் கடல்மட்டப் பரப்பு அதற்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருப்பதால், திருத்தாத உயரம் அவ்வளவு குறைவாக வரும். திருத்தியபின் தாளோடு ஒத்துப்போகிறது.

மார்ச் 15

தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்று ஊரில் பேச்சு. லாரி வர வசதி என்று ரோட்டோரத்தைக் காட்டினார்கள். நான் வரைபடத்தை வைத்தேன்: மாசியில் காயும் ஊற்றுகளுக்கு நடுவே கட்டுங்கள், சித்திரை வரை நிற்கும் இடத்தில் தொட்டி வேண்டாம், மணல் அள்ளாமல் காத்தால் போதும். பட்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். லாரிப் பாதைக்கு நிலம் விட ஒருவர் சம்மதிக்க வேண்டும். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகிறோம்.