வானத்துல படிக்கட்டு

போன டிசம்பர்ல பழவேற்காடு போயிருந்தேன், காலைல ஆறரை மணி இருக்கும், ஏரி மேல பனி இறங்கி தண்ணி எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல, நடுவுல ஒத்தப் படகு, அதுல ஒருத்தர் கழி ஊன்றிக்கிட்டு நிக்கிறார். அவ்ளோதான் படம். பிளாக் அண்ட் ஒயிட்ல மாத்திப் பாத்தேன், மேல கிட்டத்தட்ட வெள்ளை, கீழ வர வர சாம்பல், ஸ்கிரீன்ல வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு இறங்குச்சு.

ஆசைப்பட்டு வீட்டு பிரிண்டர்ல ஏ3 ப்ளஸ் போட்டேன், 13-க்கு 19 இன்ச், நல்ல தடிமனான மேட் பேப்பர், ஒரு ஷீட் விலைக்கு ரெண்டு பேர் பிரியாணி சாப்ட்டு வரலாம். வெளிய வந்துச்சு பாருங்க, வானம் முழுக்க படிக்கட்டு, சாம்பல் வழுக்கிக்கிட்டு இறங்காம பட்டை பட்டையா நிக்குது. அம்மா எட்டிப் பாத்துட்டு "என்னடா, மழைக்கு சுவத்துல ஓதம் இறங்குன மாதிரி இருக்கு"ன்னுட்டு போயிட்டாங்க. கோவம் வந்துச்சு, ஆனா சரியாத்தான் சொன்னாங்க.

எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன், பழிய தூக்கி பிரிண்டர் மேல போட்டேன். மூணு தடவ ஹெட் க்ளீனிங் (ஹெட்னா பேப்பர் மேல குறுக்க ஓடி இங்க் துப்புற பாகம்). இங்க் குறைஞ்சதுதான் மிச்சம், படிக்கட்டு அப்படியே இருந்துச்சு. அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனுக்கு போன் போட்டேன், ஒரு காலத்துல டார்க்ரூம்ல ராத்திரி பகலா புரோமைடு பிரிண்ட் போட்ட ஆளு, இப்ப இன்க்ஜெட்ல கில்லாடி.

"அண்ணே, வானம் பூரா கோடு கோடா வருதுண்ணே."

"தம்பி, முழு ஷீட்ட வீணாக்காத. வானத்துல ஒரு துண்டு மட்டும் வெட்டி எடு, சின்ன பேப்பர்ல நேரா ஒண்ணு அடி, 90 டிகிரி திருப்பி இன்னொண்ணு அடி. கோடு படத்தோட சேந்து திரும்புச்சுன்னா தப்பு ஃபைல்ல. படம் திரும்பியும் கோடு பேப்பர்ல பழைய திசைலயே நின்னுச்சுன்னா தப்பு மெஷின்ல."

இவ்ளோ சிம்பிளான விஷயம் இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்ல. அடிச்சுப் பாத்தா ரெண்டுமே இருக்கு! அகலமான படிகள் படத்தோட திரும்பிடுச்சு, ஆனா உத்துப் பாத்தா சீப்புப் பல்லு மாதிரி மெல்லிசா ஒரு கோட்டு வரிசை, அது மட்டும் ஹெட் ஓடுற திசைலயே நிக்குது. நம்ம படம் உயரவாக்குல இருந்ததால வானத்தோட படியும் ஹெட்டோட கோடும் ஒரே பக்கமா ஓடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து தெரிஞ்சிருக்கு. ரெண்டு வியாதிய ஒரே வியாதின்னு நெனச்சு மருந்து குடுத்துட்டு இருந்திருக்கேன்.

முதல்ல ஃபைல். ரா ஃபைல், அதாவது கேமரா புடிச்சத பதப்படுத்தாம வெச்சிருக்குற ஃபைல், பத்திரமா இருக்கு, ஆனா சோம்பேறித்தனத்துல நான் எடிட் பண்ணது கேமரா குடுத்த ஜேபெக்ல. அது 8-பிட், கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் மொத்தமே 256 படி. அதுல என் வானம் இருந்தது 200-லேர்ந்து 240 வரைக்கும், ஆக 40 படி. பிரிண்ட்ல வானம் மட்டும் 12 இன்ச் உயரம், 40-ஆல வகுத்தா ஒரு படி ஏழரை மில்லிமீட்டர். ஏழரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே சாம்பல், அப்புறம் டக்குனு அடுத்தது. சரி ஒரு படி வித்தியாசம் கண்ணுக்கு லேசுல தெரியாதுன்னு வைங்க, ஆனா நான் சும்மா இருந்தேனா, வானம் வெளுத்த மாதிரி இருக்கேன்னு கர்வ்ல (வெளிச்சம் இருட்ட ஏத்தி இறக்குற கருவி) கான்ட்ராஸ்ட்ட ரெண்டு மடங்கா இழுத்துட்டேன், இருந்தது என்னமோ அதே 40 படிதான், இப்ப ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா தாவுது. அதான் ஓதம்.

இதுல இன்னொரு காமெடி, அந்த ஜேபெக்கயே 16-பிட்டுக்கு மாத்தி மறுபடி அடிச்சுப் பாத்தேன். நொய்ய பெரிய டப்பால கொட்டுனா முழு அரிசி ஆயிடுமா? ராலேர்ந்து 16-பிட்ல புதுசா ஆரம்பிச்சப்பதான் சரியாச்சு. போட்டோஷாப்ல 16-பிட்னு போட்டா உள்ளுக்குள்ள 32,769 படி இருக்கும், எவ்ளோ இழுத்தாலும் தாங்கும். கடைசில பிரிண்டர் டிரைவருக்கு 8-பிட்டா போனாக்கூட பெரிய பாதகமில்ல, இழுக்குறது பிடிக்குறதெல்லாம் 16-ல முடிஞ்சிருக்கணும், அவ்ளோதான்.

அப்புறம் பிளாக் அண்ட் ஒயிட் மிக்சர்ல (எந்தக் கலர் எவ்ளோ இருட்டா மாறணும்னு சொல்ற இடம்) நீலத்த மைனஸ் 70-க்கு இறக்கி வெச்சிருந்தேன், வானம் நாடகத்தனமா வரும்னு. பனி வானத்துல நீலமே அரைகுறையா இருக்கு, அத போட்டு இழுத்தா வர்றது திட்டுத் திட்டா அழுக்குதான். ஸ்லைடர ஜீரோ பக்கத்துல விட்டுட்டு மேலேர்ந்து கீழ ஒரு கிரேடியன்ட் மாஸ்க் (திருத்தம் எங்க எவ்ளோ விழணும்னு மறைக்குற திரை) போட்டு மெதுவா இருட்டாக்குனேன்.

அடுத்து அண்ணன் சொன்னது எனக்கு சுத்தமா ஒப்பல. "வானத்துக்கு மட்டும் கொஞ்சம் நாய்ஸ் சேரு தம்பி, ஒரு பர்சன்ட், ஒன்றரை பர்சன்ட், மோனோக்ரோமேட்டிக்." நாய்ஸ்னா படத்துல மணல் தூவுன மாதிரி தெரியுற புள்ளிங்க, மோனோக்ரோமேட்டிக்னா அதுல கலர் இல்லாம வெறும் சாம்பல். நான் அத எடுக்குறதுக்கு சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கேன், இவரு சேக்க சொல்றாரு. ஆனா பாயாசத்துல ஒரு சிட்டிகை உப்பு போடுற கதைதான் இது. ஒரு படி முடிஞ்சு அடுத்த படி ஆரம்பிக்குற ஓரம் நேர்கோடா இருக்குறதாலதான் கண்ணு அத புடிக்குது, நாய்ஸ் அந்த ஓரத்த கலைச்சு விட்டுடுது, இந்தப் பக்கத்துப் புள்ளி நாலு அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துது நாலு இந்தப் பக்கம். கைல புடிச்சுப் பாக்குற தூரத்துல நாய்ஸ் தெரியவே இல்ல, படியும் தெரியல.

சீப்புப் பல்லு கோடு பக்கம் வருவோம். நாசில் செக்ல (ஹெட்டோட ஊசித்துளை எல்லாம் இங்க் விடுதான்னு பாக்குற சோதனைப் பிரிண்ட்) ஒரே ஒரு இடத்துல ஒரு சின்னக் கோடு விட்டுப் போயிருந்தது, கலர் படத்துல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, ஆனா வெறும் சாம்பல் வானத்துல ஒளிய இடமே கிடையாது. அத சரி பண்ணதும் பாதி போச்சு. மீதி பாதி ஹைஸ்பீடு ஆப்ஷனால. அது ஆன்ல இருந்தா ஹெட் போகும்போதும் அடிக்கும் வரும்போதும் அடிக்கும், ரெண்டும் மயிரிழை தள்ளி விழுந்தாலும் கோடு. ஆஃப் பண்ணிட்டு, அதே தடிமன் பேப்பர வெச்சே ஹெட் அலைன்மென்ட் பண்ணிட்டு, மீடியா டைப்ப பிளெயின் பேப்பர்லேர்ந்து மேட்டுக்கு மாத்துனேன் (ஆமா, அத்தன நாளா பிளெயின் பேப்பர்லதான் இருந்துச்சு, சிரிக்காதீங்க). டைம் டபுளாச்சு, கோடு போச்சு.

இவ்ளோ பண்ணியும் ஒரு குறை. என்னுது ஆறு கலர் டேங்க் பிரிண்டர், கறுப்பு ஒண்ணே ஒண்ணு, சாம்பலுக்குன்னு தனி இங்க் கிடையாது. சயான், மெஜன்டா, மஞ்சள் எல்லாத்தையும் கலந்துதான் சாம்பல்னு ஒண்ண ஒப்பேத்துது. ஹால் எல்இடி வெளிச்சத்துல வானம் லேசா பச்சையடிக்குது, ஜன்னல் பக்கம் கொண்டு போனா ரோஸ். கறுப்பு இங்க் மட்டும் வெச்சு அடிச்சுப் பாத்தேன், கலர் பிரச்சனை தீந்துச்சு, ஆனா வெளிச்சமான இடத்துல புள்ளிங்க தூரம் தூரமா விழுந்து மொளகுத்தூள் தூவுன மாதிரி ஆயிடுச்சு.

அண்ணன் மெஷின்ல இந்த வம்பே இல்ல. எப்சன் 2005-ல கே3-ன்னு ஒரு இங்க் செட் கொண்டு வந்தாங்க, கறுப்பு, லைட் கறுப்பு, அதவிட லைட் கறுப்புன்னு மூணு பதம். திக்கான டிகாஷன், ரெண்டாவது டிகாஷன், மூணாவது டிகாஷன்னு வெச்சுக்கோங்க. வெளிச்சமான இடத்துல திக்கான டிகாஷன ஒரு சொட்டு விட்டா தனியா உறுத்தும், மூணாவது டிகாஷன நெறைய சொட்டு விட்டா ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே பரப்பா தெரியும். டிரைவர்ல அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்னு ஒரு மோடு இருக்கு, அதுல பெரும்பாலும் இந்த மூணும்தான் ஓடும், டோனுக்காக கலர் துளியூண்டு சேரும். கேனான் ப்ரோ-1000லயும் கிரே, போட்டோ கிரேன்னு தனியா உண்டு. அமெரிக்கால ஜான் கோன்னு ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய் எல்லா கார்ட்ரிஜ்லயும் வேற வேற சாம்பலயே ஊத்தி பியசோகிராஃபின்னு ஒரு முறையே உண்டாக்கிட்டாரு. நமக்கு அந்த அளவுக்கு பைத்தியம் முத்தல.

ஃபைல தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்கே போயிட்டேன். அதே மேட் பேப்பர், அவரு மெஷின். வானம் வந்துச்சு. நகத்த வெச்சு மேலேர்ந்து கீழ தடவிப் பாத்தேன், எந்த இடத்துல மாறுதுன்னு சொல்ல முடியல.

இப்ப தகராறு வானத்துல இல்ல, படகுல. கழுவுன கறுப்பு வேட்டி மாதிரி மொத்தமா அப்பிக்கிச்சு. மேட் பேப்பரோட குணம் அது, அதுல கறுப்பு அடர்த்தி 1.6, 1.7 பக்கம் நின்னுடும், பரைட்டா பேப்பர்னா (பழைய புரோமைடு மாதிரி லேசா மினுக்குறது) 2.2 தாண்டும். இந்த அளவு லாக் கணக்கு, 0.3 ஏறுனா திரும்புற வெளிச்சம் பாதியாயிடும், அதனால 1.6-க்கும் 2.2-க்கும் நடுவுல இருக்குறது நாலு மடங்கு, அதாவது மேட் பேப்பரோட கறுப்பு நாலு மடங்கு வெளிச்சத்த திருப்பி அனுப்புது. ஸ்கிரீன்ல பிரிஞ்சு தெரியுற ஆழமான ஷேடோவெல்லாம் பேப்பர்ல ஒரே கூட்டமா நெருக்கியடிக்குது. 21 கட்டம் போட்ட ஒரு சாம்பல் பட்டைய அடிச்சுப் பாத்தா கறுப்பு பக்கம் முதல் நாலு கட்டம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஸ்கிரீன் பிரைட்னஸ் வேற ஃபுல்லா வெச்சு எடிட் பண்ணிருக்கேன், அதான் ஷேடோ எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கு, பேப்பருக்குத் தெரியல. வெள்ளை பேப்பர பக்கத்துல வெச்சு அதுக்கு சமமா ஸ்கிரீன குறைச்சேன், படகுக்கு மட்டும் மாஸ்க் போட்டு கர்வோட அடிப்பக்கத்த கொஞ்சம் தூக்குனேன்.

நேத்து சாயந்திரம் ஒரு பிரிண்ட் அடிச்சோம். படகோட உள்பக்கம் ரெண்டு பலகை தனித்தனியா தெரியுது, மூணாவது பலகை இன்னும் இருட்டுலயே இருக்கு. "ஈரத்துல பாத்து முடிவு பண்ணாத, ராத்திரி பூரா காயட்டும்"னு அண்ணன் சொன்னாரு. பீரோ மேல வெச்சிருக்கேன், ஃபேன ஆஃப் பண்ணிட்டு.