கூச்ச சுபாவக்காரி கிளாரா பார்ட்டன்

1821 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த கிளாரா பார்ட்டன், வெளியாட்களிடம் வாய் திறக்கவே பயந்த குழந்தை. அண்ணன் டேவிட் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபோது, இரண்டு வருஷம் போல அவரைப் பார்த்துக்கொண்டது இந்தச் சிறுமிதான். கூச்சம் தெளியட்டும் என்றுதான் அப்புறம் ஆசிரியை வேலைக்கு அனுப்பினார்கள்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் போர்டன்டவுனில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கி வளர்த்தார். பள்ளி பெரிதானதும் தலைமைப் பொறுப்பை ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கக் கிளாரா போர்க்களத்துக்கே போனார். 1862இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் காயம்பட்ட ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, இவருடைய சட்டைக் கையைத் துளைத்துச் சென்ற குண்டு அந்த வீரரைக் கொன்றது.

ஆனால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது போருக்குப் பிந்தைய வேலையால்தான். காணாமல்போன வீரர்களைத் தேடும் குடும்பங்களிடமிருந்து வந்த கடிதங்கள் மட்டும் 63,000க்கு மேல். ஒவ்வொரு பெயராகத் தேடி, 22,000 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்த தாய்மாருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிது!

1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியபோது வயது 59. இத்தனைக்குப் பிறகும் கூச்சம் போகவில்லை. ஒரு பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதைவிட ஆன்டீட்டத்தில் பீரங்கிகளுக்குப் பின்னால் நிற்பதே மேல் என்று முதுமையிலும் எழுதினார். ஆனாலும் 1904 வரை அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார்.