கட்டுக்கம்பியை அவிழ்க்க மறந்த நாள்

2024 ஜூலை 8, திங்கள்

இன்று ஒரு ஜோடி கொலுசுக்குக் கொக்கி பற்றவைத்தேன். தீயை ஊதி முடித்தபோது வெள்ளி அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. பொடி (இணைப்புக்கு உருக்கும் உலோகம்) ஓடிய இடத்தைச் சுற்றி, அது ஓடுவதற்காகப் பூசிய வெண்காரம் உருகிக் கண்ணாடியாக இறுகியிருந்தது. 925 வெள்ளியில் ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. தீயில் காற்றுப் பட்டுக் கறுப்பது அந்தச் செம்புதான். வெண்காரக் கண்ணாடியை அரத்தால் சுரண்டக் கூடாது என்பதை முன்பே ஓர் அரத்தை மழுக்கித் தெரிந்துகொண்டேன்.

பட்டறைகளில் இந்தக் கறுப்பையும் கண்ணாடியையும் நீக்க நீர்த்த கந்தகத் திராவகம் (சல்ஃபூரிக் அமிலம்) வைத்திருப்பார்கள். நான் வீட்டு மாடியில் வேலை செய்பவன் என்பதால், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே (சிட்ரிக் அமிலம்) போதும் என்று வைத்துக்கொண்டேன்: அரை லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். நகையை முதலில் வெறும் தண்ணீரில் ஆற்றிவிட்டுத்தான் கரைசலில் இட வேண்டும். சூட்டோடு போட்டால் புளித்த நீர் முகத்தில் தெறிக்கும். இருபது நிமிடத்தில் கறுப்பு போய், கண்ணாடி கரைந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கிய வெண்மை வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டாவது ஜோடியில் தவறு நேர்ந்தது. பற்றவைக்கும்போது துண்டுகள் நகராமலிருக்கச் சுற்றியிருந்த இரும்புக் கட்டுக்கம்பியை அவிழ்க்காமலேயே, பலமுறை பயன்படுத்தியதில் செம்பு கரைந்து நீலம் படர்ந்திருந்த கரைசலில் இட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், கொலுசு முழுவதும் இளஞ்சிவப்பாகச் செம்பு பூத்திருந்தது. கம்பியின் இரும்பு கரைய, அதற்கு ஈடாகக் கரைசலிலிருந்த செம்பு வெள்ளியின் மேல் வந்து படிகிறது. இரும்புக் குறட்டால் எடுத்தாலும் இதே வினைதான். அதனால்தான் செம்புக் குறடோ மூங்கில் குச்சியோ வைத்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லித்தரும் பெரியவரிடம் காட்டினேன். "கம்பியை அவுக்காம போட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இரும்பு பட்ட கரைசலைக் கொட்டிவிட வேண்டும் என்று பலர் சொல்வது வீண் பயம். இரும்பை எடுத்துவிட்டால் படிவதும் நின்றுவிடுகிறது. படிந்துவிட்ட செம்பை நீக்க, புதிதாகக் கலக்கிய எலுமிச்சை உப்பு நீரில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிது சேர்த்து, சன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். மாலைக்குள் சிவப்பு மறைந்தது.

ஜூலை 11, வியாழன்

நான்கு நாள் முன்பு முடித்து, துடைத்து, பெட்டியில் வைத்த காதுத் தோட்டின் உள்கூடான குண்டிலிருந்து பச்சை நீர் கசிந்து பஞ்சை நனைத்திருந்தது. வெளியே கழுவினேனே தவிர, காற்றுப் போக விட்ட ஊசித்துளை வழியே உள்ளே புகுந்த புளிப்பை மறந்துவிட்டேன். ஆப்ப சோடா கரைத்த நீரில் கொதிக்கவிட்டேன். துளையிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அது அடங்கிய பின் இரண்டு முறை வெறும் நீரில் கொதிக்கவைத்து, அடுப்பருகே வைத்து உலர்த்தினேன். முத்தோ பவழமோ பதித்த நகையென்றால் இந்தப் புளிப்பு நீர் பக்கமே போகக் கூடாது. அவை அதில் அரிபடும்.

ஜூலை 14, ஞாயிறு

கொலுசுகளைப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் தொட்டுப் பித்தளை பிரஷால் தேய்த்தேன். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் பித்தளையின் மஞ்சள் வெள்ளியில் இழுபடும். நுரை இருந்தால் மட்டுமே பளபளப்பு ஏறுகிறது. தேய்த்துத் திருப்பிப் பார்க்கையில், கொக்கியின் அடியில் நாவல்பழக் கறை போல ஒரு நிழல் தெரிந்தது. மேலே படிந்த கறுப்பைப் புளிப்பு கரைத்துவிடும். அதிக நேரம் ஊதியதால் வெள்ளியின் மேல்தோலுக்கு அடியில் செம்பு கருகிய இடத்தை அது எட்டாது. மறுபடி கரைசலில் போட்டு நேரத்தைத்தான் வீணாக்கினேன்.

எமரித் தாளை (உப்புத்தாள்) எடுத்து, நிழல் தேயும்வரை உராய்ந்தேன். ஒரு கொக்கிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் மூன்று கொக்கிகள் இருக்கின்றன.