தூக்குப்போசி

பல்லடம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்பது வருசம் இருந்தேன். கால அட்டவணையில் 12.40 முதல் 1.20 வரை ‘உணவு இடைவேளை’ என்று சிவப்பு மையில் எழுதியதே நான்தான். பிள்ளைகளுக்கு அது இடைவேளை. எனக்கு இன்னொரு பீரியடு.

கை கழுவ வரிசை விட வேண்டும். முட்டையை எண்ணித் தர வேண்டும், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நடுவில் எவனாவது ஒருத்தன் தட்டோடு விழுவான். தறியை நிறுத்திவிட்டு வரும் அப்பாக்களுக்கும் அதுதான் ஓய்ந்த நேரம். ஜாதிச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்பார்கள். பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்கவும் வேண்டும். 2013-இல் பீகாரில் பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்ததை நினைத்தால் அதில் மட்டும் சுணங்க மனசு வராது. பல நாள் எனக்கு மதியச் சாப்பாடே அந்த ஒரு கரண்டிதான்.

காலையில் அவசரமாகக் கட்டிய அரிசிம்பருப்புச் சோறு தூக்குப்போசியில் கிடந்து கல்லாகிவிடும். மூன்று மணி இடைவேளையில் திறந்தால் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரும் அளந்துதான் குடிப்பேன். வெளியே போனால் வகுப்பை யார் பார்ப்பது? வயிற்றெரிச்சலுக்குப் போனபோது டாக்டர், “நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றார். தலையாட்டிவிட்டு மாத்திரை வாங்கி வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். “பெல் அடிச்சா எந்திரிச்சுப் போயிருவமுங்கக்கா” என்பாள். 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது விட வேண்டும் என்றது. அது மில்லுக்கும் கம்பெனிக்கும். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் எங்களுக்கு வாரம் 45 மணி என்று, பாடம் தயாரிப்பதையும் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறது. சோற்றுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

கடைசி இரண்டு வருசம் புதிதாக வந்த தலைமையாசிரியர்தான் வழி பண்ணினார். ஆளுக்கு இருபது நிமிசம், மாற்றி மாற்றி. அந்த நேரத்தில் ஒருத்தரை மற்றவர் கூப்பிடக் கூடாது. முதல் நாள் ஏழே நிமிசத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டேன். மிச்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் நின்றேன்.

அப்போதுதான் சமையல் அக்காவைப் பார்த்தேன். “ஏனுங் டீச்சர், இன்னும் சாப்புடுலீங்களா?” என்று இத்தனை வருசமாய் என்னைக் கேட்டவர், குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். மணி ஒன்றேகாலைத் தொட்டிருந்தது.

“நீங்க சாப்பிட்டீங்களாக்கா?” என்றேன்.

“இதைக் கழுவிப் போட்டுட்டுத்தானுங் டீச்சர். விட்டா அடியில காஞ்சு புடிச்சுக்குமுங்க.”