சம்பளத்தைத் தொடாத படை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களின் படை, 54வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை என்றாலே எல்லாரும் வாக்னர் கோட்டையைத்தான் சொல்வார்கள். தெற்குத் தரப்பின் அந்தக் கோட்டையை இவர்கள் தாக்கியது 1863 ஜூலை 18, மாலை. தளபதி ராபர்ட் கூல்ட் ஷா கோட்டைச் சுவரிலேயே விழுந்தார். கொடி சரியாமல் பிடித்துக்கொண்ட வில்லியம் கார்னி, உடம்பெல்லாம் காயத்தோடு அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்ற உயரிய வீரப் பதக்கம் வந்தது 1900-இல்!

என்னை உலுக்கியது சம்பள விஷயம். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இந்தக் கறுப்பின வீரர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். சம்பளமே வேண்டாம் என்றுவிட்டார்கள். மீதியை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது, அதையும் தொடவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. இவர்களோ கூலியில்லாமல் குண்டுக்கு முன்னால் நின்றார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது.