ஐந்தாம் வருட ஸ்கேன்

“அன்னைக்கே வயித்தைத் திறந்து தைச்சிருந்தா இந்த அலைச்சல் இருந்திருக்காதுல்ல டாக்டர்?”

கேட்டவர், ஐந்து வருடத்துக்கு முன் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு நான் சிகிச்சை செய்த நோயாளி. அவர் குரலில் கோபமே இல்லை. விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். “இருந்திருக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா” என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அதுதான் பதிலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் வீக்கம் சிகிச்சைக்கு முன் 5.8 சென்டிமீட்டர். வீங்கிய இடத்துக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பிவலையும் துணியும் சேர்ந்த குழாய்) வைத்த முதல் வருடம் 5.3-க்குச் சுருங்கியது. அப்புறம் முதுகுப் பக்கத்துக் கிளைத் தமனி ஒன்றிலிருந்து ரத்தம் பின்னோக்கி வீக்கத்துக்குள் கசிந்தது. காயில் என்ற சிறு உலோகச் சுருள் வைத்து அடைத்தோம். இப்போது 6.3. இந்த முறை கிராஃப்ட் பிடித்திருந்த மகாதமனியின் மேல்பகுதியே விரிந்துவிட்டது. சி.டி.யில் கிராஃப்டின் விளிம்புக்கு வெளியே ஸ்கேனுக்காக ஏற்றிய மருந்து வெள்ளைக் கீற்றாக வழிவது தெரிகிறது. இது முதல் வகைக் கசிவு. வெடிக்கும் அபாயம் அப்படியே இருக்கிறது, விட்டுவைக்க முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன் சிகிச்சையை முடிவு செய்த அன்று நான் எதையும் மறைக்கவில்லை. வருடா வருடம் ஸ்கேன் வேண்டும், சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும் என்று அவரிடமும் மகனிடமும் சொன்னேன். மகன் கேட்டது, “எத்தனை நாள்ல வீட்டுக்குப் போகலாம்?” அவர் சொன்னது, “கிழிக்காம முடியும்னா அதையே பண்ணுங்க.” தொடை வழியாக ஒரு துளை, மூன்று நாளில் வீடு. எதிர்ப்பக்கம் நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை வெட்டு, ஐ.சி.யூ., நீண்ட ஓய்வு. பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் எதைக் கேட்பார்?

எண்களும் என் பக்கம்தான் இருந்தன. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பிரிட்டனின் எவார்-1 ஆய்வில் முதல் 30 நாள் இறப்பு ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களில் 1.7 சதவீதம், திறந்து செய்தவர்களில் 4.7 சதவீதம். ஆனால் அதே நோயாளிகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டபோது கதை மாறியிருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு திறந்து செய்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். கிராஃப்ட் வைத்த பிறகும் வீக்கம் வெடித்தது அதற்கு முக்கியக் காரணம். 2020-ல் பிரிட்டனில் சிகிச்சைப் பரிந்துரைகள் வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும், உடல் தாங்குமென்றால் திறந்தே செய்யச் சொல்லிவிட்டது.

இவர் உடல் தாங்கியிருக்குமா? நாற்பது வருடப் புகைப்பழக்கம், நுரையீரல் சோதனை சுமார்தான், மயக்க மருந்து டாக்டர் தயங்கினார். ஆனால் வயது 64, இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறுவார். வெண்டிலேட்டரிலிருந்து வெளியே வராமலே போயிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார் என்று தேற்றிக்கொள்கிறேன். அடுத்த நிமிடமே, வந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. திறந்து செய்தவர்களுக்கும் தழும்பில் குடலிறக்கம், குடல் ஒட்டிக்கொள்வது என்று பின்தொல்லைகள் உண்டு. அதையும் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

இத்தனை வருடமும் இரவு பஸ் பிடித்து ஸ்கேனுக்கு வந்துகொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கசிவு கண்ணில் பட்டது. வராமல் நின்றுபோனவர்களின் வீக்கம் இன்று எத்தனை சென்டிமீட்டர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் முதல் பேச்சையும் கையெழுத்தையும் ஒரே நாளில் வைப்பதில்லை. வீட்டில் பேசிவிட்டு வரட்டும் என்று அனுப்புகிறேன். திரும்பி வந்தும் பெரும்பாலானவர்கள் துளையைத்தான் கேட்கிறார்கள். உடம்பில் தெம்புள்ள ஒருவர் அப்படிக் கேட்கும்போது எவ்வளவு தூரம் அழுத்திச் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.